கடக்வாஸ்லாவுக்குத் திரும்பும் வழி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நம் இல்லங்களில் கட்டிய குடில் மூவரசர் திருவிழாவோடு கலைக்கப்படுகிறது. வைக்கோல் வெளியே போகிறது. களிமண் ஆடுகளும் இடையர்களும் பரணுக்கு ஏறுகின்றனர். அதே நாட்களில் சில இல்லங்களில் பரணிலிருந்து பயணப் பெட்டியொன்று கீழே இறங்குகிறது. புனே நகருக்கு அருகே, கடக்வாஸ்லா என்னும் இடத்திலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிலும் பிள்ளைகள் குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பும் காலம் அது.

அங்கே பயிற்சி மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு இரு பருவங்களாக மொத்தம் ஆறு பருவங்கள். நவம்பர் இறுதியில் பயிற்சி முடித்தோரின் அணிவகுப்பு நிறைவெய்தியதும் ஏனையோர் ஊருக்குப் புறப்படுகின்றனர். ஏறத்தாழ ஒரு மாதம் அன்னையின் கைச்சோறு, பங்கு ஆலயத்தின் பாடற்குழு, பழைய பள்ளித் தோழர்கள் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. சனவரி பிறந்தவுடன் வீட்டின் குரல் தாழ்கிறது. புறப்பாட்டு நாளை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் எல்லாரும் நாட்காட்டியைப் பார்க்கின்றனர்.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வசதியான வண்டி நாகர்கோவிலில் புறப்படும் மும்பை விரைவு வண்டி. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் என்று தமிழகத்தைக் கடப்பதிலேயே ஒரு பகல் கழிந்துவிடும். இரவு ஆந்திர நிலம். மறுநாள் சோலாப்பூரின் கரிசல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சன்னலோரம் நீண்டுகொண்டே வரும். பிறகுதான் புனே.

சில ஆண்டுகளுக்கு முன் சனவரியில் நாம் அவ்வண்டியில் சென்றபோது எதிர் இருக்கையில் ஒரு தந்தையும் மகனும் இருந்தனர். மகன் முந்திய சூலையில் அகாடமியில் சேர்ந்து, முதற் பருவம் முடித்து, முதல் விடுமுறைக்கு வந்து திரும்புகிறவன். ஒட்ட வெட்டிய தலைமுடி, வெயிலில் கறுத்த முகம், நிமிர்ந்த முதுகு. காலடியில் இரண்டு தகர டப்பாக்கள்: ஒன்றில் முந்திரிக்கொத்து, மற்றொன்றில் அச்சு முறுக்கு. “அங்கே போய்த் திறந்தால் ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும்” என்று சிரித்தான். தன் படைப்பிரிவுத் தோழர்களிடையே பீகாரிகள், மணிப்பூரிகள், பஞ்சாபியர் என்று பலரும் உண்டென்றும், முந்திரிக்கொத்தை முதன்முதலில் கண்டபோது அவர்கள் அதைப் பந்தென்று நினைத்து வீசி விளையாடினரென்றும் கூறினான். அவன் மேற்படுக்கையில் உறங்கிய பின்னரே தந்தை மனந்திறந்தார்.

“சூலையில் கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பெருமைதான் இருந்தது, ஐயா. ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். கஷ்டம் இந்தத் தடவைதான் தெரிகிறது.”

அச்சொற்களை நாம் பலவாறாக எண்ணிப் பார்த்திருக்கிறோம். முதல் முறை பிள்ளையை அனுப்புகையில் அனுப்புவோருக்கும் ஒன்றும் தெரியாது. போகிறவனுக்கும் ஒன்றும் தெரியாது. மத்தியத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வு, ஐந்து நாட்கள் நடைபெறும் நேர்முகத் தெரிவு, மருத்துவச் சோதனை ஆகிய அனைத்தையும் வென்ற மகிழ்ச்சியே அன்று வழித்துணை. இரண்டாம் முறை அவ்வாறன்று. என்ன காத்திருக்கிறதென்பதை மகன் அறிவான். அவன் சொல்லாமல் விட்டதையும் அன்னை அறிவாள். அறியாமல் கொடுப்பது எளிது. அறிந்தபின் மீண்டும் கொடுப்பதே கொடை.

அவன் அறிந்தவை யாவை? சூரியன் எழுமுன் எழவேண்டும். உடற்பயிற்சிக் களத்திலிருந்து அணிநடைத் திடலுக்கும், அங்கிருந்து வகுப்பறைக்கும் மிதிவண்டிகளில் வரிசை கலையாமல் விரைய வேண்டும். குதிரையேற வேண்டும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து நீச்சற்குளத்தில் குதிக்க வேண்டும். நீந்தத் தெரியாமல் வந்தவனுக்கும் இதில் விலக்கில்லை. மலையும் காடுமான நிலத்தில் நெடுந்தொலைவு ஓட வேண்டும். இவற்றோடு பட்டப்படிப்பும் உண்டு. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் அப்பட்டத்தை வழங்குகிறது. பாடத்திலோ உடற்பயிற்சியிலோ தேறாதவன் ஒரு பருவம் பின்தள்ளப்படுவான். உடன் வந்தோர் முன்னே செல்ல, அவன் ஆறு மாதம் பின்தங்கி இளையோரோடு சேர வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய துயர் வேறொன்றில்லை.

புனே நகரின் தென்மேற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்நிலம். சிங்ககட் சாலையில் செல்லச் செல்ல நகரின் நெரிசல் குறைகிறது. முட்டா ஆற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கடக்வாஸ்லா அணை தோன்றுகிறது. 1961 சூலை 12-ஆம் நாள் மேலேயுள்ள பான்ஷெட் அணை உடைந்தபோது அவ்வெள்ளத்தில் இவ்வணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியது. பின்னர் இது மீண்டும் கட்டப்பட்டது. ஏரிக்கு அப்பால் நிமிர்ந்து நிற்பது சிங்ககட் மலைக்கோட்டை. 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே தம் உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை அது. ஏரியின் வடமேற்கே, அன்றைய பம்பாய் அரசு வழங்கிய ஏழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அகாடமி பரந்து கிடக்கிறது. சனவரிக் காலையில் ஏரியின்மேல் பனி மூடியிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பிறந்த பிள்ளைக்கு அக்குளிரே முதற்பகை.

1949 அக்டோபர் 6-ஆம் நாள் பண்டித நேரு இங்கே அடிக்கல் நாட்டினார். அதற்கு முன்பே, அவ்வாண்டு சனவரியில், முப்படை மாணவரையும் ஒருங்கே பயிற்றும் பிரிவு தேராதூனில் தொடங்கிவிட்டது. அது இயங்கிய இடத்தின் பெயர் கிளமென்ட் டவுன். அக்குடியிருப்பை உருவாக்கிய இத்தாலிய நாட்டுக் குருவானவர் கிளமென்ட் அடிகளாரின் பெயரையே அவ்விடம் இன்றும் தாங்கியுள்ளது. 1954 இறுதியில் அங்கிருந்து கடக்வாஸ்லாவுக்குப் பயிற்சி மாற்றப்பட்டு, 1955 சனவரியில் அகாடமி முறையாகத் திறந்துவைக்கப்பட்டது.

உள்ளே கண்ணைக் கவர்வது சூடான் மாளிகை. சோத்பூர்ச் செம்மணற்கல்லால் எழுந்த அதன் குவிமாடம் தொலைவிலிருந்தே தெரியும். அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் கிழக்காப்பிரிக்கப் போர்முனையில் இந்தியப் படைவீரர் பலர் மாண்டனர். அவர்களின் நினைவாக 1941-இல் சூடான் அரசு ஓர் இலட்சம் பவுன் நன்கொடை அளித்தது. நாடு பிரிந்தபோது அதில் 70,000 பவுன் இந்தியாவின் பங்காயிற்று. அப்பணம் இம்மாளிகைக்கு உதவியது. 1959 மே 30-ஆம் நாள் மாளிகை திறக்கப்பட்டது. வந்து பார்ப்போர் அதன் அழகை வியக்கின்றனர். மகனை விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோருக்கோ அக்கற்கள் வேறொன்றைச் சொல்லும். தம்மைப்போல் எங்கோ ஓர் ஊரில் வழியனுப்பிவிட்டுக் காத்திருந்து, திரும்பி வாராத பிள்ளைகளுக்காக அழுத அன்னையரின் கண்ணீர் அக்கற்களில் உண்டு.

அணிவகுப்புத் திடலின் பெயரும் அத்தகையதே. அதற்கு அருண் கேத்தர்பால் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1950-இல் இதே புனேயில் பிறந்தவர்; 1967-இல் இந்த அகாடமியில் சேர்ந்தவர். 1971 சூனில் பூனா குதிரைப்படை என்னும் பீரங்கி வண்டிப் படையில் அதிகாரியானார். அவ்வாண்டு திசம்பர் 16-ஆம் நாள், ஷக்கர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் நடந்த போரில், எரியும் வண்டியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு வீழ்ந்தார். வயது 21. பரம் வீர் சக்கரம் அவர் மறைந்தபின் வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2001-இல், அவருடைய தந்தை தாம் பிறந்த மண்ணைக் காணப் பாக்கிஸ்தானுக்குச் சென்றார். அங்கே அவரைத் தம் இல்லத்தில் வரவேற்று உபசரித்த ஓய்வுபெற்ற பிரிகேடியர், அன்றைய போரில் அருணின் வண்டியைச் சுட்டு வீழ்த்தியவர் தாமே என்பதைத் தந்தையிடம் வெளிப்படுத்தினார். பகைவனென்று எண்ணத் தக்கவரின் வீட்டில் அம்முதியவர் விருந்தினராக இருந்தார். நாட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்தவரின் நெஞ்சு எவ்வளவு அகலமாக இருக்க முடியுமென்பதற்கு அவரினும் வேறு சான்று நமக்குத் தெரியவில்லை.

புனே நெடுங்காலமாகவே படைவீரரின் நகரம். நானா பேட்டையிலுள்ள அமல உற்பவ அன்னை ஆலயம் 1792-இல் எழுந்தது. பேஷ்வாவின் படையில் பணியாற்றிய கிறிஸ்தவர்களுக்காகப் பேஷ்வாவே அதற்கு நிலமளித்தார். நகரின் மற்றொரு புறம், கண்டியில் 1893-இல் நிறுவப்பட்ட பாப்பரசர் குருமடம் உள்ளது. அது இலங்கையிலிருந்து புனேக்கு வந்த ஆண்டு 1955. கடக்வாஸ்லாவில் அகாடமி திறந்த அதே ஆண்டு. தமிழக மறைமாவட்டங்களின் குருக்கள் பலர் அங்கே பயின்றவர்கள். விடுமுறைக்கு வந்த குருமட மாணவனைத் திருப்பி அனுப்பிய அனுபவம் நம் பங்குகளில் பல குடும்பங்களுக்கு உண்டு. அழைப்புகள் வேறு, இரயிலடியில் நிற்கும் அன்னையின் முகம் ஒன்றே.

இனி, பெருமையோடு சேர்த்து அறிய வேண்டிய ஒன்றையும் கூறிவிடுகிறோம். பிள்ளை சேரும்போது பெற்றோர் ஆவணங்களில் கையெழுத்திடுகின்றனர். பயிற்சியின்போது மகனுக்குக் காயமோ ஊனமோ உயிரிழப்போ நேரின் இழப்பீடு கோர உரிமையில்லை என்பதை உணர்ந்துள்ளதாகச் சான்றளிப்பது ஒன்று. மகன் தன் விருப்பத்தால் பயிற்சியை இடையில் விட்டாலோ, தன் குற்றத்தால் நீக்கப்பட்டாலோ அரசு செய்த செலவைத் திருப்பிச் செலுத்துவதாக உறுதியளிப்பது மற்றொன்று. சேர்க்கை நாளின் பரபரப்பில் எவரும் இவற்றை இருமுறை படிப்பதில்லை. முதல் விடுமுறைக்கு மகன் கால் வீக்கத்தோடு வரும்போதுதான் அவ்வரிகள் நினைவுக்கு வருகின்றன.

இது வெறும் அச்சமன்று. 1985 முதல் இவ்வகாடமியிலும் பிற படைப் பயிற்சிக் கழகங்களிலும் காயமுற்று, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட மாணவர் ஏறத்தாழ 500 பேர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவர்கள் இன்னும் அதிகாரியாகாதவர்கள்; ஆதலால் முன்னாள் படைவீரர் என்னும் தகுதி அவர்களுக்கு இல்லை; அத்தகுதியோடு வரும் மருத்துவ உதவியும் இல்லை. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் உள்ள மகன்களை முதிர்ந்த பெற்றோரே பேணிவந்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக ஏற்று விசாரித்தது. அம்மாத இறுதியில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இவ்வளவேனும் கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. நாட்டுக்குப் பிள்ளையைத் தருவோர் நாட்டிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்கலாகாது. கேட்பது நாட்டுப்பற்றுக்குக் குறைவன்று.

இப்போது மகள்களும் இவ்வழி செல்கின்றனர். 2021-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் பெண்கள் நுழைவுத் தேர்வு எழுத வழி திறந்தது. 2022-இல் முதல் மாணவியர் அணி சேர்ந்தது. அவர்களுள் 17 பேர் 2025 மே 30-ஆம் நாள் மூன்றாண்டுப் பயிற்சியை நிறைவுசெய்து வெளிவந்தனர். மகனை அனுப்பத் துணிந்த வீடு மகளை அனுப்பவும் துணிய வேண்டியுள்ளது. கூந்தலை வெட்டிக்கொண்டு, ஆண்மக்களோடு ஒரே திடலில் அடியெடுத்து வைக்கும் மகளை விடுமுறை முடிந்து வழியனுப்பும் தாய்க்குச் சுற்றத்தார் கேட்கும் கேள்விகளும் கூடுதற்சுமை. அக்கேள்விகளைக் கேட்கும் சுற்றமாக நாம் இராதிருப்போமாக.

விடுமுறையின் கடைசி வாரத்தைக் குறித்து, இத்தகைய பெற்றோர் பலரிடம் நாம் கேட்டறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். பிள்ளை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தால் தடுக்க வேண்டாம். அவன் உடல் ஏற்கெனவே கடக்வாஸ்லாவுக்குப் புறப்பட்டுவிட்டது. பார்க்க வருவோரின் கூட்டத்தைக் கடைசி இரு நாட்களிலேனும் குறைத்துக்கொள்ளுதல் நன்று. அவன் பேச விரும்புவது பெரும்பாலும் இரவில், உணவுக்குப்பின், விளக்கணைத்த திண்ணையிலேதான். அவ்வேளையில் அறிவுரையைக் காட்டிலும் செவி அதிகம் தேவை.

சிலர் அவ்விரவில், “இனிப் போகமாட்டேன்” என்பர். அச்சொல்லைக் கேட்டு ஊரார் என்ன சொல்வாரோ என்று தந்தை பதறுவதும், “போகாதே, கண்ணு” என்று தாய் கட்டிக்கொள்வதும் இயல்பு. இரண்டுமே அவனுக்கு உதவா. களைப்பு பேசுகிறதா, ஒருவர் செய்த கொடுமை பேசுகிறதா, தன் வழி இதுவன்று என்னும் தெளிவு பேசுகிறதா என்று பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும். களைப்பாயின் அது தீரும். முதல் இரு பருவங்களே கடினமானவை என்று அங்கே பயின்றோர் பலரும் கூறுகின்றனர். மூத்த மாணவர் எவரேனும் வருத்தியிருப்பின் அது விதிக்கு மாறானது. பிள்ளை தங்கும் படைப்பிரிவுக்கென்று தனிப் பொறுப்பதிகாரிகள் உள்ளனர். அவர்களோடு பேசப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. தன் வழி இதுவன்று என்று அவன் உறுதியாக உணர்ந்தால், செலவுத் தொகையின் கணக்கும் ஊரின் நாக்கும் அவன் வாழ்வைவிடப் பெரியவை அல்ல.

புறப்படும் நாளில் கண்ணீர் வந்தால் வரட்டும். அழாத பெற்றோரின் மகன் வீரனாவான் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் கண்ணீரோடு ஒரு சொல்லும் சேர்ந்து வர வேண்டும்: “நீ எப்படித் திரும்பி வந்தாலும் இது உன் வீடு.” தோளில் நட்சத்திரத்தோடு வந்தாலும், ஒரு பருவம் பின்தங்கிய செய்தியோடு வந்தாலும், கட்டுப்போட்ட காலோடு வந்தாலும் கதவு திறந்தே இருக்கும் என்று அறிந்த பிள்ளை, பத்து மீட்டர் உயரத்தில் நின்று கீழே நீரைப் பார்க்கையில் அச்சொல்லை நினைப்பான்.

ஆறு பருவங்கள் என்றால் ஆறு முறை வழியனுப்புதல். ஆறாம் பருவத்தின் இறுதியில், அணிவகுப்பு முடிந்து, ஒரு படியைக் கடந்து மாணவர் செல்வர். அதற்கு ‘இறுதி அடி’ என்று அங்கே பெயர். வாத்தியம் முழங்க அவ்வடியைப் பிள்ளை எடுத்து வைப்பதைக் காணும்போது, பார்வையாளர் வரிசையில் அமர்ந்த தாயும் தந்தையும் ஓர் உண்மையை உணர்வர். அவ்வடி அன்று ஒரு நாளில் எடுத்ததன்று. குடில் கலைந்த ஒவ்வொரு சனவரியிலும், வேனில் முடிந்த ஒவ்வொரு சூலையிலும், தம் வாசற்படியிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து வைத்தது அது. அவற்றில் பாதி அடி பிள்ளையுடையது. மறு பாதி அவனைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியவர்களுடையது.